ஆபீஸ் ஓ.எம்.ஆர், வீடு ஈ.சி.ஆர், கூடவே ஒரு நாய்: பீச் லைஃபை எப்படி அனுபவிப்பது?

சென்னையின் தெற்குக் கடற்கரையில், பெசன்ட் நகரில் ஆரம்பித்து திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று கோவளம் வரை போகும் ஏரியாவில் இது தினசரிக் காட்சி. பொழுது விடியும் முன்பே கேட் திறக்கும். முதலில் நாய் வெளியே வரும். பின்னாலேயே, தூக்கம் கலையாத முகத்துடன், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஐ.டி ஊழியர் வருவார். இரண்டு தெரு தாண்டினால் கடல்.

ஓ.எம்.ஆரில் வேலை, ஈ.சி.ஆர் பக்கம் வாடகை வீடு, வீட்டில் ஒரு நாய். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பலருக்கு இது ஒரு கனவு. ரீல்ஸில் பார்த்தால் அலையைத் துரத்திக்கொண்டு ஓடும் கோல்டன் ரெட்ரீவர், பின்னணியில் இளையராஜா, 20 நொடியில் மனசு நிறைந்துவிடும்.

உண்மையிலேயே அது செம லைஃப்தான். ஆனால் அந்த லைஃபுக்கு ஒரு டைம்டேபிள் இருக்கிறது. வெயில், கடல் காற்று, வலை இழுக்கும் மீனவர்கள், மணலைக் காவல் காக்கும் தெருநாய்கள், வருஷத்தில் நாலு மாதம் வந்து போகும் ஆமைகள் எல்லாம் சேர்ந்து போட்ட டைம்டேபிள் அது. அதைப் புரிந்துகொண்டவர்களின் நாய் பீச்சில் ஜாலியாக இருக்கிறது. புரியாதவர்களின் நாய், சில சமயம், க்ளினிக்கில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டு படுத்திருக்கிறது.

நாய்க்கு பீச்சில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

நமக்குக் கடற்கரை என்றால் கண்ணுக்கு. நாய்க்கு அது மூக்குக்கு. மனிதர்களின் மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சில மில்லியன்தான். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நேற்று மோந்த அதே தூண், அதே டயர் என்று போரடித்துப்போன நாய்க்குக் கடற்கரை தினமும் புதுப் பேப்பர் மாதிரி. இரவில் அலை கொண்டுவந்து போட்ட பாசி, காய்ந்த சிப்பி, வலை உதறிய இடத்தில் சிந்திய மீன் செதில், முந்தைய நாள் சாயங்காலம் யாரோ கீழே போட்ட பஜ்ஜித் துண்டு. எல்லாவற்றையும் அது வாசித்து முடிக்க வேண்டும்.

அப்புறம் நண்டு. மணலில் சின்னச் சின்ன வட்டத் துளைகள் தெரியுமே, அதெல்லாம் மணல் நண்டுகளின் வளை. விடிகாலையில் அவை இன்னும் வெளியே உலாவும். ஒரு நண்டு குறுக்கே ஓடி வளைக்குள் மறைந்துவிட்டால் போதும், அடுத்த பத்து நிமிஷத்துக்கு உங்கள் நாய்க்கு வேறு உலகமே கிடையாது. மூக்கு முழுக்க மணல், முன்னங்கால் இரண்டும் ஜே.சி.பி வேகத்தில். நண்டு கிடைக்காது என்பது வேறு விஷயம்.

நாய்களை வளர்க்கிறவர்கள் செய்யும் ஒரு பொதுவான தப்பு, வாக்கிங்கைக் கிலோமீட்டரில் அளப்பது. ஃபிட்னெஸ் ஆப் நமக்கு. நாய்க்கு அரை கிலோமீட்டர் நடந்து, அதில் முக்கால்வாசி நேரம் நின்று மோந்து பார்த்தாலே மூளை களைத்துவிடும். அப்படிக் களைத்த நாய், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது குரைக்காமல் தூங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் என்ன வேண்டும்?

கடல் காற்று வீசுதே, அப்புறம் என்ன வெயில் பயம்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சென்னையில் கோடைக்காலத்தில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி ஆரம்பிக்கும். மே மாதத்தில், அக்னி நட்சத்திரம் சமயத்தில், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால் கடல் காற்று உள்ளே வரவே லேட்டாகும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும்.

கடல் காற்று வந்துவிட்டால் நமக்கு 'அப்பாடா' என்று இருக்கும், ஏனென்றால் நமக்கு உடம்பு முழுக்க வியர்வை. நாய்க்கு அப்படி இல்லை. வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில்தான், அதுவும் உடம்பைக் குளிரவைக்கப் போதாது. நாய் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது இரைப்பதன் மூலம்தான். நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியே போகிறது. காற்றிலேயே ஈரப்பதம் எக்கச்சக்கமாக இருந்தால் அந்த ஈரம் எங்கே ஆவியாகும்? கடலோரத்தில் அந்தப் பிரச்சினை வருஷம் பூராவும் உண்டு. மதுரையில் 34 டிகிரியில் ஓடிவிட்டு வந்த நாய்க்கும், திருவான்மியூரில் 34 டிகிரியில் ஓடும் நாய்க்கும் உடம்புக்குள் நடப்பது ஒன்றல்ல.

பக், ஷிட்ஸு, ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி மூக்கு தட்டையான நாய்களுக்கு இது இன்னும் மோசம். மூச்சுப் பாதையே குறுகலானது. சும்மா நிற்கும்போதே கொர்கொர் என்று சத்தம் வருவதை 'க்யூட்' என்று வீடியோ எடுக்கிறோம். பாவம், அது மூச்சுக்குத் திணறும் சத்தம். ஹஸ்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சைபீரியப் பனிக்காக இரண்டு அடுக்கு முடியோடு பிறந்த நாயைக் கொண்டுவந்து பாலவாக்கத்தில் ஏ.சி ரூமில் வைத்திருப்பது, நாய்க்காக இல்லை, நமக்காகத்தான். இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மணல் தனிக் கதை. உலர்ந்த மணல் நேரடி வெயிலில் 50 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். நீங்கள் செருப்புப் போட்டிருப்பதால் தெரியாது. சிம்பிளான டெஸ்ட்: புறங்கையை மணலில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையா, நாயையும் நடத்தாதீர்கள். அலை நனைத்த ஈர மணல் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர உலர்ந்த மணலைத் தாண்ட வேண்டுமே.

மே மாதம் சென்னையில் சூரியன் காலை 5.45-ஐ ஒட்டி உதிக்கிறது. ஏழரை மணிக்கெல்லாம் வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். ஆக, கோடையில் பீச் நேரம் என்பது விடிவதற்குக் கொஞ்சம் முன்பிலிருந்து ஏழு மணி வரை, அவ்ளோதான். மாலையில் சூரியன் மறைந்த பிறகும் மணலில் சூடு தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் முதல் ஐந்து நிமிடம்

நாயின் சாதாரண உடல் வெப்பநிலையே சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். அடையாளங்கள் தெளிவாக இருக்கும்: நிற்காமல் இரைப்பது, நாக்கும் ஈறும் செக்கச்செவேல் என்று மாறுவது, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி. படுத்த நாய் எழவில்லை என்றால் ஏற்கெனவே லேட்.

'சீக்கிரம் வண்டியில ஏத்து' என்று ஓடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் முதலில் குளிர வையுங்கள், பிறகு கிளம்புங்கள் என்பதே கால்நடை மருத்துவர்களின் இன்றைய வழிகாட்டல். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் போதும். நாயின் உடல் சூட்டைவிடக் குளிர்ச்சியான எந்தத் தண்ணீரும் உதவும். குடிநீர் கிடைக்காத இடத்தில் கடல் தண்ணீரையே மேலே ஊற்றலாம், குடிக்க மட்டும் கூடாது. விசிறிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு, கொஞ்ச நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

அதன் பிறகு மருத்துவமனை. எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லோருக்கும் தெரியும். நீலாங்கரையிலிருந்து டிராஃபிக்கில் அங்கே போய்ச் சேரும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், காலை ஏழு மணிக்குப் போன் எடுக்கும் ஒரு க்ளினிக்கின் நம்பரை இன்றைக்கே போனில் சேமித்து வைப்பது நல்லது.

'லாப் தானே, நீந்தும்'

லாப்ரடார் நீந்தும். ஏரியில், நீச்சல் குளத்தில். நம் கடல் அப்படிப்பட்ட தண்ணீர் இல்லை. சென்னைக் கரையில் அலை உடைந்து திரும்பும் தண்ணீர் ஒரே பாதையில் சேர்ந்து, ஆறு மாதிரி கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் இடங்கள் உண்டு. மேலே பார்த்தால் அந்த இடம்தான் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். பெசன்ட் நகர் கடற்கரையின் அடையாளமான வெள்ளை வளைவு, கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமிக்கான நினைவுச் சின்னம். 1930-இல் இந்தக் கடலில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றப் போய் அவர் உயிரிழந்தார். அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

நாய் உள்ளே இழுத்துக்கொண்டு போனால் பின்னாலேயே குதிக்கத்தான் மனசு சொல்லும். நாய் பல சமயம் தானே வெளியே வந்துவிடும், மனிதர் வர மாட்டார். ஆகவே நீளமான கயிறு கட்டி, முழங்கால் அளவு தண்ணீரில் விளையாட விடுவதே சரி. கயிற்றை நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டாமல், நெஞ்சைச் சுற்றிவரும் பெல்ட்டில் மாட்டுங்கள்.

அப்புறம், உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கிறது. தாகத்தில் அதைக் குடித்தாலோ, பந்தைக் கவ்விக் கவ்வி வாயில் போனாலோ முதலில் வயிற்றுப்போக்கு, நிறையப் போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் மடக்கும் கிண்ணமும் இல்லாமல் பீச்சுக்குக் கிளம்பவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, விரல் இடுக்கையும் காதையும் துடைத்து உலர்த்த வேண்டும். காது தொங்கும் நாய்களுக்கு, அதாவது லாப், கோல்டன், பீகிள், காக்கர் இவற்றுக்கெல்லாம், காதுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரலாம். தலையைச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தாலோ, காதிலிருந்து புளித்த வாடை அடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். உப்புக் காற்றில் ஏ.சி அவுட்டோர் யூனிட்டே அரித்துப்போகும், நாய்க் கயிற்றின் கொக்கி எம்மாத்திரம்? மாதம் ஒருமுறை கொக்கியையும் ஸ்பிரிங்கையும் இழுத்துப் பாருங்கள். எதிரே தெருநாய்க் கூட்டம் வரும்போது அது கழன்றுகொண்டால் ரொம்பக் கஷ்டம்.

மணலில் கிடப்பதெல்லாம் மீன் அல்ல

கரையில் செத்து ஒதுங்கும் மீன்களில் பேத்தை மீன் அடிக்கடி கண்ணில் படும். பலூன் மாதிரி உப்பி, உடம்பெல்லாம் சொரசொரவென்று இருக்கும். மீனவர்கள் வலையிலிருந்து எடுத்து ஓரமாக வீசிவிட்டுப் போவார்கள், ஏனென்றால் பல பேத்தை வகைகளில் டெட்ரோடோடாக்சின் என்ற கடுமையான நச்சு இருக்கிறது. மனிதர்களையே கொல்லும் நச்சு அது. நாய் கவ்வினால் தள்ளாட்டம், வாந்தி, மூச்சுத் தசைகள் செயலிழப்பது என்று வேகமாக முற்றும். மாற்று மருந்து கிடையாது, மூச்சுக்குத் துணை கொடுத்துத்தான் காப்பாற்ற முடியும்.

கரை ஒதுங்கும் ஜெல்லி மீன்கள் செத்தபிறகும் கொட்டும். தூண்டில் முள், அறுந்த நைலான் வலை, உடைந்த பாட்டில் எல்லாம் உண்டு. ஆக, ஒரு நாய் கடற்கரைக்கு வருவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் 'ஷேக் ஹேண்ட்' அல்ல. 'விடு' என்றால் வாயில் உள்ளதை விடுவது. பிஸ்கெட்டைக் காட்டி, வாயில் உள்ள பொம்மையை விட்டால் பிஸ்கெட் என்று வீட்டிலேயே தினம் ஐந்து நிமிஷம் பழக்கினால் சில வாரங்களில் வந்துவிடும்.

இது யாருடைய பீச்?

ஊரூர் குப்பம், ஓடைக்குப்பம், கொட்டிவாக்கம் குப்பம், நைனார் குப்பம். அபார்ட்மென்ட் விளம்பரங்களில் 'சீ வியூ' என்று வரும் இடங்களில் எல்லாம் இந்தப் பெயர்கள் ரொம்பக் காலமாக இருக்கின்றன. நமக்கு வாக்கிங் போகும் மணல், அவர்களுக்கு வேலை செய்யும் இடம். படகு நிறுத்துவது, வலை காயவைப்பது, வலை பின்னுவது, மீன் உலர்த்துவது எல்லாமே அங்கேதான்.

நாய்க்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் காலைத் தூக்கத் தோன்றும். அது குவித்து வைத்த வலையாக இருக்கலாம், படகின் ஓரமாக இருக்கலாம், காயவைத்த கருவாடாகவும் இருக்கலாம். யாரும் பெரிதாகச் சண்டைக்கு வர மாட்டார்கள். 'தம்பி, நாயைக் கொஞ்சம் அந்தாண்ட புடிச்சிட்டுப் போப்பா' என்பார்கள், அவ்ளோதான். நம் லேப்டாப் மேல் யாராவது நாயை அப்படி விட்டால் நாம் இவ்வளவு பொறுமையாகப் பேசுவோமா? விடிகாலையில் படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் ஏலம் போடும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

நாயின் கழிவை எடுப்பது இன்னும் நம் ஊரில் கூச்சமாகவே இருக்கிறது. மணலைப் போட்டு மூடிவிட்டால் போச்சு என்று நினைக்கிறோம். அதிலிருந்து வரும் கொக்கிப்புழு முட்டைகளுக்கு ஈரமான, வெதுவெதுப்பான மணல்தான் மிகவும் பிடித்த இடம். வெறுங்காலோடு நடப்பவர்களின், மணல் வீடு கட்டும் குழந்தைகளின் தோல் வழியாக அந்தப் புழு உள்ளே போகும். ஒரு பழைய நியூஸ்பேப்பரும் கவரும் எடுத்துப் போனால் முடிந்தது.

கோவளம் கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021-இல் அது 'ப்ளூ ஃப்ளாக்' சான்று பெற்றது. அந்தச் சர்வதேசச் சான்றின் விதிகளில் ஒன்று, நாய் உள்ளிட்ட வளர்ப்புப் பிராணிகளின் நடமாட்டம் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பது. நாயோடு ஆசை ஆசையாய் அவ்வளவு தூரம் காரோட்டிப் போய் வாசலில் திரும்பி வருவதைவிட, முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

எதிரே ஒரு கூட்டம் வருகிறது

கடற்கரையில் ஒவ்வொரு நூறு, இருநூறு மீட்டருக்கும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை இருக்கும். உங்கள் நாய் அவர்கள் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்த விருந்தாளி. கூட்டம் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, சின்ன நாயைச் சட்டென்று தலைக்கு மேல் தூக்கவும் கூடாது, தூக்கினால் உங்கள் மேல் பாயும். வந்த வழியே மெதுவாகத் திரும்பி, எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் போனால் ஒரு மாதத்தில் அவையும் பழகிவிடும். பல தெருநாய்கள் அப்படித்தான் வாக்கிங் நண்பர்களாகி இருக்கின்றன.

தெருநாய்ப் பிரச்சினையில் இப்போது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி, அதே மாதத்தில் அதை மாற்றி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றது. ரேபிஸ் உள்ள, மூர்க்கமான நாய்களுக்கு மட்டும் விலக்கு. கருத்தடை செய்து திரும்ப விடும் இந்த யோசனை சென்னைக்குப் புதிதல்ல. 1959-இல் இங்கே தொடங்கப்பட்ட ப்ளூ க்ராஸ் அமைப்பு 1960-களிலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

வீட்டு நாய் வைத்திருப்பவருக்கு இதில் ஒரே ஒரு விஷயத்தில் விவாதமே இல்லை: ரேபிஸ் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் பூஸ்டர், ஆண்டுதோறும் மறக்காமல். யாரையாவது நாய் கடித்தால், பிராண்டினாலும்கூட, அது வீட்டு நாயோ தெரு நாயோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பவர்கள் அநேகமாக யாருமில்லை.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு ஆண்டு உரிமம் கட்டாயம். 2025-இல் கட்டணம் 50 ரூபாயாகத்தான் இருந்தது, ஆன்லைனிலேயே வாங்கலாம், தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025-இல் மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பும் வந்தது. உங்கள் அலட்சியத்தால் நாய் யாருக்காவது காயம் ஏற்படுத்தும் ஆபத்தை உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 'என் நாய் கடிக்காதுங்க' என்பது சட்டத்தில் ஒரு பதிலே இல்லை. கடற்கரையில் எதிரே வரும் குழந்தைக்கு அது தெரியாது. 'அண்ணா, கடிக்குமா?' என்று கேட்டால் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் மரியாதை.

மழைக்காலம் வந்தால்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டைம்டேபிள் மாறிவிடும். கடல் கொந்தளிக்கும், தெருவில் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கான தடுப்பூசி நாய்களுக்குப் போடும் கூட்டு ஊசியிலேயே இருக்கிறது, தேதியை மட்டும் தவற விடக் கூடாது.

உண்ணி வருஷம் முழுக்க. சென்னையின் ஈரச் சூடு அதற்குச் சொர்க்கம். காது மடல், விரல் இடுக்கு, வால் அடி, இந்த மூன்று இடத்தையும் வாக்கிங் முடிந்ததும் தடவிப் பாருங்கள். 'டிக் ஃபீவர்' என்று எல்லோரும் சொல்லும் எர்லிக்கியா, உண்ணி கடிப்பதால் ரத்தத்தில் நுழைந்து பிளேட்லெட்டைக் குறைக்கும். சாப்பிடாமல் சோர்ந்து படுக்கும் நாயை 'வெயிலுக்கு டல்லா இருக்கு' என்று இரண்டு நாள் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் விபரீதம். ரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

புயல் என்றால் பவர் பேங்க்கும் பால் பாக்கெட்டும் வாங்கி வைக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் நாய் எங்கே போகும் என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான உணவு, மருந்து, தடுப்பூசி அட்டையின் போட்டோ, மாடியில் இடம் தரும் ஒரு நண்பர். எந்த நிலையிலும் கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகக் கூடாது.

மார்கழி நல்லது, ஆனால்...

டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் வருகிறது சென்னைக் கடற்கரையின் உண்மையான சீசன். சூரியன் ஆறரைக்குத்தான் எழுகிறது. மணல் குளுகுளுவென்று இருக்கும். எட்டு மணி வரை நடந்தாலும் நாய் இரைக்காது. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக்கூட பீச்சுக்குப் போகலாம் போலத் தோன்றும்.

அந்த இரவு நேரம்தான் சிக்கல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதே கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இருட்டில், தனியாக, மெதுவாக மணல் மேட்டுக்கு ஏறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பும். ஒளியோ, ஆள் நடமாட்டமோ, நாயோ கண்ணில் பட்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். முட்டையிட்ட குழியை நாய் மோந்து கண்டுபிடித்துவிடும். நண்டு வளையைத் தோண்டிய அதே ஆர்வத்தில் தோண்டினால் ஒரு கூடு மொத்தமும் போச்சு. கரையில் ஆமை முட்டைக்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் நாய்களும் ஒன்று. அவற்றில் அதிகம் தெருநாய்கள்தான், ஆனாலும் கயிறில்லாமல் ஓடும் வீட்டு நாய்க்கு மூக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினங்கள், அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடலுக்குள்ளேயே அவற்றுக்கு நிறையத் தொல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. இழுவலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கியவை அவை. தப்பித்துக் கரைக்கு வந்த ஆமையின் முட்டையாவது பிழைக்க வேண்டாமா?

1988-இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இந்த மாதங்களில் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிக் கரையோரமாக நடந்து, கூடுகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஆமை முட்டையிட்டுப் போவதற்கும் அவர்கள் வந்து சேர்வதற்கும் இடையில் நாய் வந்துவிடக் கூடாது. அந்த நாலு மாதமும் இருட்டிய பிறகு நாயோடு மணலில் இறங்காமல் தெருப்பக்கமே நடந்துவிட்டு வருவது நல்லது. விடிகாலையில் போனாலும் கயிறு. மணலில் டிராக்டர் டயர் போன அடையாளம் மாதிரி இருபுறமும் வரிவரியாகத் தடம் தெரிந்தால், அது ஆமை ஏறி வந்த வழி. நாயை அந்தப் பக்கம் விடாமல், வனத்துறைக்கோ தன்னார்வலர்களுக்கோ தகவல் சொல்லுங்கள்.

45 முதல் 60 நாளில் முட்டை பொரியும். மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்துக் குஞ்சுகளை மாலையில் அலையோரம் விடும்போது பார்க்கக் கூட்டம் கூடும். உள்ளங்கை அளவுகூட இல்லாத கருப்புக் குஞ்சுகள், அலை தூக்கிப் பின்னால் போட்டாலும் திரும்பத் திரும்பக் கடலை நோக்கியே ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மட்டும் நாய் வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் அது உங்கள் காலையும் செருப்பையும் ஐந்து நிமிஷம் விடாமல் மோந்து, எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்பதைத் தானே தெரிந்துகொள்ளும்.